சின்னக் குழந்தைகள் இருக்கிறவர்கள் மட்டும்

ஒரு பிரெஞ்சு நகைச்சுவை நடிகரின் கடைசி மேடையைக் கெடுத்தவன் நான். தவறுதலாக அல்ல... தெரிந்தே! நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயின் ஒரு பள்ளிக்கூட அரங்கில், கையில் மைக், இடுப்பில் பட்டு வேட்டி சகிதமாக.

சிரிக்காதீர்கள். அல்லது சிரியுங்கள். நீங்கள் என்னைப் பார்த்து மட்டும்தான் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அதைச் செய்தேன்?

அந்த நாட்களில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சிரிப்பு என்றால் நான். பகலில் ஒரு மருந்துக் கம்பெனியின் கணினிகளை மேய்ப்பவன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நகைச்சுவைச் செம்மல். ஏர்போர்ட்டில் என் மாமியாரின் ஊறுகாய் பிடிபட்ட கதையை எத்தனை விழாக்களில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊறுகாய் வெளியே வரும் இடத்தில் அரங்கம் தவறாமல் சிரிக்கும். அது திறமையா, வெறும் பழக்கமா... இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதே இல்லை.

2005 பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தார் மரைக்காயர். காரைக்காலில் பிறந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு இளம் வயதில் பாரிஸ் போனவர். நாடகக் கொட்டகையில் திரை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் வராமல் போன நடிகருக்குப் பதிலாக மேடையேறி, அப்புறம் இறங்கவே இல்லை. வாயே திறக்காத வேலைக்காரன், எப்போதும் மயங்கி விழும் டாக்டர், தட்டைக் கீழே போடப்போகிறான் போடப்போகிறான் என்று பயமுறுத்திக் கடைசிவரை போடாத சர்வர்... நாடகங்களிலும் சினிமாக்களிலுமாக ஒரு முழு ஆயுள்! மனைவி போனபின், பிஸ்கட்டவேயில் இருந்த மகள் ஜரீனாவின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இணையத்தில் அவரைத் தேடினேன். கிடைத்த பிரெஞ்சுப் பக்கத்தைக் கணினி ஆங்கிலமாக்கிக் கொடுத்தது. பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமாக இருந்தது, என் தூக்கத்தைக் கெடுக்க.

ஜரீனா வீட்டில் ஒரு பெட்டி நிறைய அவர் நடித்த வீடியோ கேசட்டுகள் இருந்தன. பிரான்ஸ் கேசட் அமெரிக்க வி.சி.ஆரில் ஓடாது, கோடு கோடாக மழைதான் பெய்யும். அதனால் பேத்தி ஸபா தன் தாத்தா நடித்து ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. இதை எனக்குச் சொன்னவர் அவரே.

"பிரெஞ்சுக்காரவுங்கள நெறைய சிரிக்க வச்சாச்சு தம்பி. நம்ம ஆளுங்க முன்னாடி, நம்ம பாஷையில, ஒரே ஒரு தரம்... புள்ளையும் பாத்துரும். அதுக்கப்புறம் இந்த முட்டி எனக்கு ஒத்துழைக்காது."

நிகழ்ச்சித் தொகுப்பாளன் நான். மறுக்க என்னிடம் காரணம் இல்லை. தேடாமல் இல்லை!

ஜரீனா வீட்டு பேஸ்மென்ட்டில் ஒத்திகை காட்டினார். ஒரு நாற்காலி. கல்யாண வீடு. ஒருவர் உட்காரப் போகிறார். யாரோ பெரியவர் வருகிறார். எழுந்து இடம் கொடுக்கிறார். மறுபடி உட்காரப் போகிறார், இன்னொருவர். அவ்வளவுதான்.

"மொதல்ல யாரும் சிரிக்க மாட்டாங்க தம்பி. சபூரா இருக்கணும், பொறுமையா. கடைசியில மொத்தமா வரும் பாருங்க!"

"கடைசியில என்ன அங்கிள்?"

"அது மேடைக்கு."

ஒரு கலைஞர் தன் தொழிலின் உயிர்நாடியைத் தொட்டுக் காட்டினார். எங்கே வெட்டினால் செத்துப்போகும் என்று நான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் விழாக்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாடு தயார் என்ற அறிவிப்புக்குப் பின் மேடையில் யார் நின்றாலும் பயனில்லை. பிந்திப் போனால் பிரியாணி தீர்ந்து தயிர்சாதம்தான் மிஞ்சும். ஆகவே அந்த அறிவிப்பு எப்போதும் கடைசி நிகழ்ச்சிக்குப் பிறகுதான். இன்னொன்று: அறிவித்ததும் பரிமாறும் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க வேண்டும். அன்று ஸபாவும் பரிமாறும் குழுவில் இருந்தாள். முதல் வரிசையில், கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, தாத்தாவைப் பார்த்தபடி.

அன்றைய கடைசி நிகழ்ச்சி மரைக்காயருடையது. முதல் சில நிமிடங்கள், அவர் சொன்னபடியே, யாரும் சிரிக்கவில்லை. பிறகு அங்கங்கே ஒரு கிளுக். பின்வரிசையில் ஒரு மாமியின் கனைப்பு. வருகிறது... வெள்ளம் வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் ஊறுகாய்க்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லை!

சாப்பாட்டுக்காரர் கதவோரம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பாத்திரங்கள் மூடித்தான் இருந்தன. பத்து நிமிடம் பொறுத்தால் எதுவும் ஆறிவிடாது.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். மிக மென்மையாக, மிகுந்த அக்கறையோடு...

"சாப்பாடு ரெடி. சின்னக் குழந்தைங்க இருக்கிறவங்க மட்டும் மெதுவா எழுந்து போகலாம்."

அன்று எல்லோருக்கும் சின்னக் குழந்தை இருந்தது. காலேஜில் படிக்கும் குழந்தைகளையெல்லாம் கைப்பிடித்து அழைத்துப் போனார்கள். ஸபா எழுந்தாள், தயங்கினாள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

அவர் நிறுத்தவில்லை. காலி அரங்குக்கு முன், வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து எழுந்து இடம் கொடுத்தார். கடைசியில் கல்யாண வீடும் காலி. அவரும் நாற்காலியும் மட்டும். இப்போதாவது உட்காருவார் என்று பார்த்தால், நாற்காலியையே ஏற இறங்கப் பார்த்தார். முகம் பதறியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் சொன்னார்:

"நீங்களும் எம்புட்டு நேரந்தான் நிப்பீங்க... உக்காருங்க!"

அவர் தமிழில் மேடையில் பேசிய ஒரே வசனம்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டேன்! கண்ணில் நீர் வந்தது, விலா வலித்தது, ஆனாலும் விடவில்லை. ஒரு துளிச் சிரிப்பு மட்டும் தப்பித்துவிட்டது போலிருக்கிறது.

அரங்க விளக்குகள் எரிந்ததும் அவர் கேட்டார்: "பசி பெரிய நடிகர் தம்பி, அவரோட நான் போட்டி போட முடியாது. ஆனா அந்த ஓரத்துல யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சே?"

"இல்லையே அங்கிள். நான் கவனிக்கலை."

தலையாட்டினார். நாற்காலியை அவரே எடுத்து ஓரமாக வைத்தார்.

ஸபா கையுறையோடு மூச்சிரைக்க வந்தாள். "அங்கிள், ஹவ் டிட் இட் எண்ட்? வாஸ் ஹி ஃபன்னி?"

உலகத்தில் ஒரே சாட்சி நான். அந்த ஒற்றை வசனத்தைச் சொல்லியிருந்தால் போதாதா? நாற்காலியைக் காட்டியிருந்தால் போதாதா?

"இட் வாஸ் ஓகே, மா" என்றேன்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் காலமானார். இடையில் எந்த மேடையும் ஏறவில்லை. நான் ஏறினேன். ஊறுகாய் பிடிபட்டது. சிரித்தார்கள்.

போன மாதம் மளிகைக் கடையில் ஸபாவைப் பார்த்தேன். வளர்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு தோழி.

"திஸ் இஸ் த ஃபன்னி அங்கிள் ஐ டோல்ட் யூ அபௌட்" என்றாள் தோழியிடம். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு: "மை கிராண்ட்பா யூஸ்ட் டு ஆக்ட் டூ, ரிமெம்பர்? பட் ஐ கெஸ் ஹி வாஸன்ட் ரியலி ஃபன்னி."

சொல்லியிருக்கலாம். அப்போதாவது... அங்கேயே, அரிசி மூட்டைகளுக்கு நடுவே!

தோழி ஆவலோடு கேட்டாள்: "ஸே சம்திங் ஃபன்னி, அங்கிள்!"

நான் ஊறுகாய்க் கதையைச் சொன்னேன்.

ஸபா விழுந்து விழுந்து சிரித்தாள்.