தம்பி சீராகத் தந்த ஃபிரிட்ஜ்

அந்த ஃபிரிட்ஜுக்குள் அத்தை துவரம்பருப்பும் கோதுமை மாவும் வைத்திருந்தார். கதவைத் திறந்தால் விளக்கு எரியும். குளிர் மட்டும் இருக்காது. அவர் புதுவீடு புகுந்த அன்று, முதலமடையில் மாங்காய் லாரி ஓட்டும் அவருடைய தம்பி, மேளம் வைத்துக் கொண்டுவந்து இறக்கிய தாய்வீட்டுச் சீர் அது. அத்தை எனக்கு உறவல்ல. கொல்லங்கோட்டில் பக்கத்து வீட்டுக்காரர். நான் அவ்வூர்ப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை.

அதற்கு முன் அத்தையின் மகள் பெரியவளானபோது, பணமுடையால் அந்தத் தம்பி ஒரு தட்டோடு மட்டும் வந்து நின்றாராம். அத்தையின் நாத்தனார் பந்தியிலேயே, "ஏனுங்க, மாமன் சீரு பின்னால வண்டியில வருதுங்களா?" என்று கேட்க, இலைக்கு முன் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அழிப்பதற்காகவே அவர் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கினார். அது இரண்டாம் மாதமே குளிர்வதை நிறுத்திவிட்டது.

உத்தரவாதம் இருக்கிறதே என்றேன். பில் தம்பியிடம் இருந்தது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கடையில் நானே பேசுகிறேன் என்றேன். "கடைக்காரன் அவங்கூட்டாளி கண்ணு. பொழுது சாயறதுக்குள்ள சொல்லிப்போடுவான்" என்றார். பொருளை வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான், சட்டம் உங்கள் பக்கம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டத்துக்கு எந்தம்பியத் தெரியுமா?" என்றார். இன்றும் வகுப்பில் அந்தப் பிரிவை நடத்தும்போது அந்தக் குரல் குறுக்கே வந்து நிற்கிறது.

லாரிச் சத்தம் கேட்டதும் அத்தை கொல்லைப்புறமாக என் வீட்டுக்கு ஓடிவருவார். என் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் அதே வழியாக அவர் அடுக்களைக்குப் போகும். தம்பி கூடத்தில் அமர்ந்து அண்ணாந்து குடித்துவிட்டுச் சொல்வது எனக்குக் கேட்கும்.

"அக்கா, நம்ம பொட்டித் தண்ணி பல்லே கூசுதுங்க்கா!"

"பின்ன? ஆரு வாங்கிக் குடுத்தது!"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, அவர் வரும் நாளில் மின்சாரம் நின்றுவிடக் கூடாதே என்று நானும் கவலைப்படத் தொடங்கினேன்.

சீர் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மாங்காய்க் காலம் முடியுமுன் தம்பி நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பின் ஒரு நாள் அத்தை வந்தார். "கண்ணு, இனிக் கம்பெனிக்குப் பராதி குடுத்தரலாம். இனி அவனுக்குத் தெரியாது."

கடையில் பில்லின் நகல் வாங்கினோம். உத்தரவாதம் முடியச் சில வாரங்களே இருந்தன. கம்பெனியிலிருந்து வந்த பையன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து, காசு எதுவும் வாங்காமல் சரிசெய்தான். "சின்னப் பார்ட் ஒண்ணுதானுங்க போயிருக்குது. மத்தபடி நல்ல பொட்டிங்க" என்றான். அத்தை அவனை மறுபடியும் சொல்லச் சொன்னார். அவனும் சொன்னான்.

அவன் போனதும் நாத்தனாருக்குப் போன் செய்தார். "நங்கை, நாந்தானுங்க. எந்தம்பி நல்ல பொட்டிதானுங்க வாங்கிக் குடுத்திருக்கறான்." ஃபிரிட்ஜ் பழுதானதே அறியாத அந்த அம்மாள், என்ன திடீரென்று என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் சொன்னேன்" என்று சொல்லி, அத்தை போனை வைத்துவிட்டார்.