கணுக்கால் மறைக்கும் சட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு, ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற மாசி மாதத்தில்தான் ராக்கம்மா விக்டோரியாவை முதன்முதலாகப் பார்த்தாள். தோட்டத்துத் துரை ஓடிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூரும் சப்பானியரிடம் விழுந்துவிட்டதென்று கோலா பிலாவுக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பால்வெட்டு நின்றுவிட்டதால், ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பெண்கள் தீப்பிடிக்காமலிருப்பதற்காகச் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்ணைக் கண்டதும் ராக்கம்மாவின் கையிலிருந்த விளக்குமாறு அப்படியே நின்றது. கழுத்தை இறுக்கிய உயர்ந்த காலர், மணிக்கட்டுவரை நீண்ட கை, மண்ணைத் தொட்டுவிடுவதுபோல் இறங்கிய சாம்பல் நிறச் சட்டை. முகமோ நல்ல தமிழ் முகம்.

"இது எந்தக் காலத்து வெள்ளைக்காரிடி?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் ராக்கம்மா கேட்டாள். "செத்துப்போனவ எவளோ எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கா."

"செத்தவ இல்ல, பசியோட வந்தவ," என்றாள் வண்டியருகே நின்றவள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா நிக்காம இந்த மெத்தைய ஒரு கை பிடி. உள்ள தையல் மெஷின் இருக்கு."

அவள் புதிதாக வந்த டிரெஸர் ஆரோக்கியநாதனின் மனைவி. கெமாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவரை, அங்கே மருந்தறை மூடப்பட்டதும் இங்கே அனுப்பியிருந்தார்கள். வீட்டில் பாத்திரங்கள் நான்கு, நாற்காலி ஒன்று, கையால் சுற்றும் மெஷின் ஒன்று, பெட்டி ஒன்று. பெட்டியில் அவளே தைத்த சட்டைகள் ஐந்து இருந்தன. உடுத்தியிருந்ததைச் சேர்த்தால் ஆறு.

விக்டோரியா சிரம்பானில் ரயில்பாதைக் கூலி ஒருவரின் மகளாகப் பிறந்தவள். கன்னியாஸ்திரீகளிடம் தையல் கற்றாள். மணமான புதிதில், ஒரு துரைசானி குப்பையில் போட்ட கடைப்புத்தகம் ஒன்று அவள் கைக்குக் கிடைத்தது. உடைகளின் படங்கள் நிறைந்த புத்தகம். முதல் உலகச் சண்டைக்கும் முந்திய காலத்து உடைகள் அவை. வெள்ளைக்காரிகளே கைவிட்டுவிட்ட அந்த உடைகளின்மீது அவளுக்கு ஏனோ தீராத ஆசை பிறந்தது. பிள்ளைகள் இல்லாத வீட்டில், கணவர் மருந்தறைக்குப் போன பிறகு, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, துணியைத் தரையில் விரித்து வெட்டுவாள். வருடத்துக்கு ஒன்று முடிந்தால் அதிகம். ஊரார் ரவிக்கை தைத்துக் கேட்டால் மறுத்துவிடுவாள். "அது வேலை. இது என் விளையாட்டு," என்பாள்.

ராக்கம்மாவுக்கு அந்த விளையாட்டு முதலில் சிரிப்பைத்தான் மூட்டியது. ஆனாலும் கால்வலிக்கு மருந்து வாங்கப் போனவள், டிரெஸர் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

"டிரெஸரம்மா, இந்தச் சட்டைக்குள்ள எப்படித்தான் மூச்சு விடுறீங்க?"

"மெதுவா."

"இத்தன பொத்தானையும் கழட்டி மாட்டுறதுக்குள்ள வெயிலு சாஞ்சிடாதா?"

"சாஞ்சா என்ன? உன்ன மாதிரி எனக்கு முந்நூறு மரத்துச் சருகா காத்துக்கிட்டுக் கெடக்குது?"

அடுத்த ஆண்டு சிரிப்புக் குறைந்தது. ராக்கம்மாவின் கணவன் சன்னாசியைச் சப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் பால்வெட்டுக்குப் பதில் மரவள்ளி நடச் சொன்னார்கள். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் யார் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்கு மட்டுமே அரிசி. வீட்டில் இருப்போருக்குக் கிடையாது. கடைகளில் துணி என்பதே இல்லை. நூல் இல்லை. ஆண்கள் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு நடமாடினார்கள். ராக்கம்மா வீட்டில் கிழியாத சேலை ஒன்றே ஒன்று எஞ்சியது. அதை அவள் உடுத்திக்கொண்டு பெரட்டுக்குப் போவாள். பஞ்சாலை என்ற பதினைந்து வயது மகள் சாக்குக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு கூலிகளின் வரிசைவீடான லயத்திலேயே கிடப்பாள். ஒருவர் பங்கு அரிசியை இருவரும் உண்டார்கள். மழைக்காலம் தொடங்குமுன் பெண்ணின் பாதங்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

ஆரோக்கியநாதன் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, ராக்கம்மா. சோறுதான் மருந்து. இந்தப் பொண்ணுக்குத் தனிப் பங்கு கெடைக்கலைன்னா இந்த மழைக்காலம் தாண்டாது," என்றார்.

பெரட்டில் பேர் எழுதும் மண்டோர் முருகையாவிடம் போய் ராக்கம்மா கெஞ்சினாள். அவன் கெட்டவனல்லன். "பேரு எழுதிக்கிறேன். ஆள நிறுத்து. ஆளில்லாம எழுதுனா என் தோலு உரியும்," என்றான்.

ஆளை நிறுத்தத் துணி வேண்டும். ராக்கம்மா டிரெஸர் வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். பிறகு, "நாலு முழம் ஏதாச்சும் கெடந்தா குடுங்கம்மா. சுத்தி விட்டுக்குறேன்," என்றாள்.

விக்டோரியா பெட்டியைத் திறந்து காட்டினாள். ஐந்து சட்டைகளும் மருந்தறைக்குப் போய்விட்டிருந்தன. புண்களுக்குக் கட்டத் துணியில்லையென்று கணவர் ஒவ்வொன்றாகக் கேட்டபோது, அவள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருந்தாள். வெட்டி வைத்து, தைக்க நூலில்லாமல் கிடந்த நீலத் துண்டுகள் மட்டுமே மிச்சம்.

"சுத்திவிடத் தர மாட்டேன். சட்டையாத்தான் தருவேன்," என்றாள்.

"சட்டையா? எங்க சனத்துல சட்டை போட்டதில்லம்மா. முட்டி தெரிய ஊருக்கு முன்னால நிக்க வச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

விக்டோரியா புத்தகத்தை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இதுல முட்டி எங்க இருக்குன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சா மெஷின உனக்கே தர்றேன்."

ராக்கம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. "கணுக்காலே காணோமே," என்றாள் வியப்போடு.

"இப்போ வர்ற சட்டைதான் முட்டியோட நின்னுபோகுது. நான் தைக்கிறது பழசு."

"சேலைய விட நல்லாத்தான் மூடியிருக்கு," என்று ராக்கம்மா தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

துணி கிடைத்துவிட்டது. நூல்தான் இல்லை. அன்னாசி இலையிலிருந்து நார் உரித்துப் பார்த்தார்கள். மெஷினில் கோத்த மாத்திரத்தில் அது அறுந்தது. ஊசியோ ஒன்றே ஒன்று. அதை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. அப்போது ராக்கம்மாதான் சொன்னாள்: "நூலு எதுக்கும்மா? பாலத் தடவி ஒட்டுவோம். மழைக்குப் போட்டுக்கிற சாக்க நாங்க அப்படித்தான ஒட்டுறோம்?"

மறுநாள் கொட்டாங்கச்சியில் ரப்பர்ப் பால் வந்தது. நீண்ட தையல்கள் வரவேண்டிய ஓரங்களில் கோழியிறகால் தடவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினார்கள். இரண்டு நாளில் காய்ந்து, இழுத்தாலும் பிரியாமல் நின்றது. விக்டோரியா உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஓரமெல்லாம் சுருங்கிக் கெடக்கு. தேய்ச்சுக் குடுத்தாத்தான் சட்டை. ரப்பரு சூடு தாங்குமா?"

"என்னம்மா கேக்குறீங்க? ரப்பரு ஷீட்ட நாள்கணக்கா புகைவீட்டுல தொங்கவிட்டுக் காய வைக்கிறோம். சூடு பட்டா இன்னும் கெட்டியாகும்."

பதினெட்டு ஆண்டுகள் பால்வெட்டியவளின் பேச்சு அது. விக்டோரியா நம்பினாள். தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள். முதல் ஓரத்தில் வைத்ததுமே வீடெங்கும் கருகல் நாற்றம் எழுந்தது. பெட்டியை இழுத்தால் துணியும் கூடவே வந்தது. பாவாடைப் பகுதியின் நான்கு துண்டுகளும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, நடுவில் கை அகலத்துக்குக் கருகிப்போயின. மேலுடம்புத் துண்டுகளும் கைகளும் மட்டுமே தப்பின.

 ராக்கம்மா தன் தலையில் அடித்துக்கொண்டாள். "புகைவீட்டுச் சூடும் இரும்புச் சூடும் ஒண்ணா? மரத்தடியிலயே பொறந்து வளந்த கழுதைக்கு இது தெரியல!"

"கழுத ஒண்ணு இல்ல, ரெண்டு," என்றாள் விக்டோரியா. "பெட்டிய வச்சவ நானு."

ராக்கம்மா எழுந்து போனாள். பெண்ணுக்கு இனி வழியில்லையென்று எண்ணியபடியே அன்றிரவு படுத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும் வழியில் டிரெஸர் வீட்டை எட்டிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். விக்டோரியா தன் கணவரின் கிழிந்த கைலியை மார்புக்குமேல் கட்டி, அதன்மேல் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்தச் சாம்பல் நிறச் சட்டை கிடந்தது. ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி, நூலை அறுக்காமல் உருவி, ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது! இருந்த ஒண்ணும் போச்சா? ஞாயித்துக்கெழம செபத்துக்கு எதக் கட்டிக்கிட்டுப் போவீங்க?"

"போகல. சாமிக்கு என் வீட்டு வழி தெரியும்."

"ஐயா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. கட்டுத்துணிக்குக் கேட்டப்ப இத மட்டும் தர மாட்டேன்னியே, இப்ப மட்டும் எப்படின்னாரு. கட்டுனா ஒரு நாளு, தைச்சா ரெண்டு வருசம் வருமேன்னு சொன்னேன். மருந்தறைக்குப் போயிட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அழுறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழு. துணி நனைஞ்சா சுருங்கும்," என்றாள்.

துண்டு நூல்கள் மெஷினுக்கு ஒத்துவரவில்லை. கையால்தான் தைத்தாள். பதினோரு நாள் பிடித்தது. மேலே நீலம், கீழே சாம்பல் நிறம், கழுத்தில் உயர்ந்த காலர், முதுகில் ஒரே நேர்த்தையல். பொத்தானுக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வட்டமாக்கியிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், சப்பானியர் மாற்றி வைத்த டோக்கியோ நேரப்படி கூட்டிய பெரட்டில், இருள் பிரியுமுன் பஞ்சாலை வரிசையில் வந்து நின்றாள். பந்தத்தின் வெளிச்சத்தில் அவளைக் கண்ட பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முருகையாவும் பந்தத்தை உயர்த்திப் பிடித்துப் பார்த்தான்.

"யாரு இது, ஓடிப்போன துரைசானி திரும்பி வந்துட்டாளா?"

"துரைசானியோ என்னவோ, ஆளு நிக்குது. பேர எழுதுண்ணே," என்றாள் ராக்கம்மா.

அவன் எழுதினான். சப்பானிய அதிகாரி தலைகளை எண்ணிக்கொண்டு கடந்து போனார். உடையை அவர் பார்க்கவேயில்லை. அந்த வாரக் கடைசியில் பஞ்சாலை தன் பெயருக்குத் தனிப் பங்கு அரிசி வாங்கினாள். தை மாதம் முடிவதற்குள் அவள் கால் வீக்கம் வடிந்தது. லயத்துப் பெண்கள் மூவர், துரை பங்களாவில் கழற்றிப் போட்ட கிழிந்த திரைச்சீலைகளைத் தூக்கிக்கொண்டு, கணுக்கால் மறைக்கும் சட்டை வேண்டுமென்று விக்டோரியாவின் வாசலில் வந்து நின்றார்கள். அவள் தைத்துக் கொடுத்தாள். இது வேலையாயிற்றே என்று ராக்கம்மா சீண்டியபோது, "பேசாம நூலப் பிரி," என்றாள்.

நாற்பத்து நான்காம் ஆண்டு ஐப்பசி மழையில் விக்டோரியாவுக்குக் குளிர்சுரம் கண்டது. அதற்குத் தரும் கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. ஆரோக்கியநாதன் தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, சிரம்பான் மருத்துவமனைக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார். ஐந்தாம் நாள் அங்கேயே அவளை அடக்கம் செய்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். வழியிலோ மருத்துவமனையிலோ அவள் எதுவுமே கேட்கவில்லை என்றார்.

ஆகவே, அவள் கடைசியாகக் கேட்டது, வண்டியில் ஏற்றிய அந்தக் காலையில் பஞ்சாலையிடம் கேட்டதுதான். பெண் மரவள்ளிக் காட்டிலிருந்து அதே சட்டையில் சேற்றோடு ஓடி வந்திருந்தாள். அவள் எப்போது வந்தாலும் விக்டோரியாவின் எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு, மரியாதைக்காக முதுகு காட்டாமல் பின்வாங்கியே வாசலைத் தாண்டிப் போவாள். வைக்கோல்மேல் படுத்திருந்த விக்டோரியா சாக்குக்குள்ளிருந்து கையை நீட்டினாள். தண்ணீர் வேண்டுமோ என்று ராக்கம்மா குனிந்தாள்.

"நீ நவுரு, மறைக்காத," என்றாள் விக்டோரியா. "ஏ பொண்ணே, திரும்பி நில்லு. அப்படியே நாலடி நட. முதுகுத் தையலு நேரா விழுதான்னு நான் ஒரு தடவ பாக்கணும்."