ஆறாம் மாதத்தில் பிடுங்கிய பல்

கர்ப்பத்தின் ஆறாம் மாதம் தொடங்கிய வாரத்தில் வலது கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. முதலில் தண்ணீர் பட்டால் மட்டும். பிறகு சும்மா இருக்கும்போதும்.

"பெத்துப் பிழைச்சு வா, பெறகு புடுங்கலாம். இப்ப ஊசி போட்டா பிள்ளைக்கு எறங்கிரும்ட்டி" என்றார் அத்தை, என் கணவரின் அம்மா. விளாத்திகுளம் பக்கத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையைப் படித்து யாருக்கு எது என்று சொல்வது என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமை. அத்தையின் மூட்டுவலி மாத்திரையையும் அப்படித்தான் படித்தேன். தேதி சரியாக இருந்தது. பல்வலிக்கு அதையே மூன்று நாளில் ஐந்து விழுங்கினேன்.

கன்னம் வீங்கியதும் அத்தையோடு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

"சீழ் கட்டியிருக்கு. விட்டு வச்சாத்தான் உங்களுக்கும் பிள்ளைக்கும் கஷ்டம். பல்லை எடுத்துரலாம், இந்த மாசத்துல மரத்துப்போற ஊசி போடலாம்" என்றார் பல் மருத்துவர். "மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஊசிக்குப் பயந்துட்டு இதையா போட்டீங்க? மாசம் ஏற ஏற இதுதாம்மா ஆகாது. பனிக்குட நீரைக் குறைச்சிரும்." (பனிக்குட நீர்: வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீர்.)

என் மகப்பேறு மருத்துவரிடம் போனில் பேசி, முதலில் ஸ்கேனுக்கு அனுப்பினார். அந்த இருட்டறையில் அத்தையின் கையை விடவே இல்லை. ஸ்கேன் மருத்துவர் திரையில் நீரை அளந்து முடித்துத் திரும்பினார்.

"தண்ணி போதுமான அளவு இருக்கு. பிள்ளை நல்லா இருக்கு."

அத்தை அழுதார். எனக்கு அழவும் தெம்பில்லை.

மதியம் என்னை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்துப் பல்லை எடுத்தார்கள். ஊசி குத்தியது தெரிந்தது. பல் வந்தது தெரியவில்லை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு என்று பல் மருத்துவர் எழுதித் தந்தார். கர்ப்பத்தில் உங்களுக்கும் பல் வலித்தால் எத்தனையாவது மாதம் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். விழுங்கியதை மறைக்காதீர்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் பஞ்சைக் கடித்திருக்க வேண்டும். அத்தைக்கு அது வசதியாகப் போயிற்று.

"நான் திங்குத மாத்திரையை நீ ஏம்ட்டி தின்ன? பள்ளிக்கூடத்துல இதைத்தான் படிச்சியா?"

பஞ்சைக் கடித்தபடியே சிரித்தேன். பாதி உதடு மரத்திருந்தது. தொட்டால் வேறு யாரையோ தொடுவதுபோல் இருந்தது. அப்போது பிள்ளை உதைத்தது, மரத்துப்போகாத வயிற்றில், நன்றாக உணரும்படி. அதுவரை எல்லாவற்றையும் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதையும் ஒதுக்கி வைக்கத் தோன்றவில்லை.