தாவாத எஞ்சின்

என் அக்காவின் கணவரைப் பற்றி யாராவது விசாரித்தால் "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். நல்ல மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவர்களையும் அவரோடு உறவு வைத்தவர்களையும் கேட்டால்தான் அதில் இருக்கிற அவஸ்தை தெரியும். அத்தான் இருபத்தாறு வருடம் ஓர் ஆலைக்குள் எஞ்சின் ஓட்டினார். ஆலையின் மதில் சுவரைத் தாண்டாத எஞ்சின். காலிப் பெட்டிகளை இழுத்து வருவதும், நிரம்பிய பெட்டிகளைத் தள்ளிவிடுவதும்தான் வேலை. நடந்து போகிறவன் அதை முந்திவிடலாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பின்னறையில் ஒரு பெரிய பலகையின் மேல் விரல் நீள எஞ்சின்களை ஓட்டிக்கொண்டிருப்பார். அதனால் ஆலையில் அவருக்கு 'பொம்மை டிரைவர்' என்று பேர். பேர் வைத்தவன் நெட்டை.

நெட்டைதான் பெட்டிகளை எஞ்சினோடு கோத்துவிடுகிற ஆள். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். மாதம் ஒருமுறையாவது மனைவியோடு அக்கா வீட்டுக்கு வந்து, பின்னறையில் குனிந்து நின்று பலகையைப் பார்த்துச் சிரிப்பான். "இதுல என்னை எங்கண்ணே நிக்க வச்சிருக்கீங்க?" என்று கேட்பான். உன் உயரத்துக்கு இங்கே இடமில்லை என்பார் அத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நெட்டை செத்தான். அத்தானின் எஞ்சினுக்கும் ஒரு காலிப் பெட்டிக்கும் நடுவில் நசுங்கிச் செத்தான்.

நடந்தது இதுதான். அத்தானின் எஞ்சின் கிடங்குச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து இருபத்திரண்டு மீட்டர் பின்னால் போய்ப் பெட்டியைத் தொட வேண்டும். பெட்டியின் கொக்கி சிக்கிக்கொண்டதால் நெட்டை உள்ளே குனிந்து அதை விடுவித்துக்கொண்டிருந்தான். தண்டவாளம் அங்கே வளைகிறது; அதே நேரம் வளைவின் உட்பக்கம் இருந்த பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னோர் எஞ்சின் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த எஞ்சின் மறைத்ததால் கடைசிவரை நெட்டை தன் கண்ணில் படவேயில்லை என்று அத்தான் எழுதிக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

ஆறு வாரம் கழித்து என்று ஆலை விசாரணைக்கு நாள் குறித்தது. விசாரணையில் பதில் இரண்டில் ஒன்றுதான். டிரைவரால் பார்த்திருக்க முடியாது என்றால், சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் போய் நின்ற நெட்டை மேல் தப்பு. அவன் மனைவிக்கு ஈட்டுத்தொகை கிடையாது. பார்த்திருக்க முடியும் என்றால் டிரைவர் மேல் தப்பு. அத்தானுக்கு வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்குமா என்று எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அரைச் சம்பளத்தில் வீட்டில் உட்காரவைக்கப்பட்ட அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. பலகையில் இருந்த மலை, குகை, பாலம் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தார். அந்த இடத்தில் ஆலையின் அந்த ஒரு மூலையை மட்டும் நூற்றறுபதில் ஒரு பங்கு அளவில் கட்டினார். கிடங்குச் சுவர் அட்டை. பெட்டி நின்ற இடம் மில்லிமீட்டர் பிசகாமல். நெட்டை நின்ற இடத்தில் அக்காவின் தையல் ஊசி ஒன்றைக் காது மேலே வரும்படி குத்திவைத்தார். எஞ்சின் ஜன்னலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, அதை ஊசியின் காதுக்குள் நுழைத்து, மறுமுனையில் ஒரு சின்னத் திருகைத் தொங்கவிட்டார். எஞ்சின் நகர நகர நூல் தானாக இழுபட்டு விறைப்பாக நிற்கும். நடுவில் போகிற எஞ்சின் மேல் நூல் பட்டு வளைந்தால் டிரைவருக்கு ஆள் தெரியவில்லை. நூல் நேராக நின்றால் தெரிகிறது. விசாரணை மேஜையில் இதை வைத்துக் காட்டிவிட்டால் போதும் என்றார்.

ஒரே சிக்கல்தான். ஆலையில் போலவே பலகையிலும் இரண்டு தண்டவாளமும் இணைந்திருந்ததால், பழைய முறையில் மின்சாரம் கொடுத்தால் மேலே நிற்கிற எஞ்சின் எல்லாம் சேர்ந்து ஓடும். இவருக்கோ இரண்டு எஞ்சின்கள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் போக வேண்டும். அதற்கு ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்று ஒரு சின்னச் சில்லு வைக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியில் எஞ்சினின் எண்ணை அழுத்தினால் அந்த எண்ணுக்குரிய சில்லு மட்டும் கேட்டு நடக்கும். அந்த அளவு எஞ்சினுக்குள் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய எதுவும் நுழையாது. நான் கைப்பேசி பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். இந்த ஊசிமுனைப் பற்றவைப்பு வேலைக்கு வேறு யார் தலையில் கைவைப்பார்?

கையில் இருந்த காசுக்கு இருப்பதிலேயே மலிவானதை வாங்கினோம். பேர் இல்லாத சரக்கு. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று. முதலாவதை நான் எரித்தேன். மோட்டாருக்கு மின்சாரம் ஏற்றுகிற கரித்துண்டின் பிடி எஞ்சினின் உலோக உடம்பைத் தொடாதபடி நாடா ஒட்ட வேண்டும். ஒட்டினேன், ஓர் ஓரத்தைக் கோட்டைவிட்டேன். மின்சாரம் கொடுத்ததும் ஒரு மெல்லிய புகை. அத்தான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த கூத்து எண் வைப்பதில். கடையிலிருந்து வருகிற டிகோடர் எல்லாம் மூன்று என்ற எண்ணோடுதான் வரும். ஒன்றுக்கு மட்டும் எண்ணை மாற்ற வேண்டும் என்றால் அதைத் தனித் தண்டவாளத்தில் வைத்து மாற்ற வேண்டும். நான் அவசரக்குடுக்கை, இரண்டும் பலகையில் நிற்கும்போதே மாற்றினேன். இரண்டுமே நான்கு ஆகிவிட்டன. பெரியவனே என்று கூப்பிட்டால் அண்ணனும் தம்பியும் எழுந்து வருகிற வீடு மாதிரி, ஒரு பொத்தானுக்கு இரண்டும் கிளம்பிப் போய் முட்டிக்கொண்டன. அந்த ஆறு வாரத்தில் அத்தான் சிரித்தது அன்று ஒருநாள்தான். சிரித்துக்கொண்டே ஊசியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருவழியாக அவருடைய எஞ்சினுக்கு மூன்று, மற்றதற்கு நான்கு என்று ஆனது. ஓட்டிப் பார்த்தோம். மலிவுச் சரக்கின் குணம் உடனே தெரிந்தது. வேகத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டினால் எஞ்சின் மண்ணாங்கட்டி மாதிரி நிற்கும். ஐந்துக்கு வந்ததும் இரண்டு அங்குலம் தாவும். அதற்குப் பிறகுதான் ஓடும். அந்த இரண்டு அங்குலம் நிஜத்தில் எட்டு மீட்டர். அந்தத் தாவலால், அடுத்த எஞ்சின் விலகும் முன்பே இவருடையது பெட்டியை நெருங்கிவிட்டது. நூல் கடைசிவரை வளைந்தே இருந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியலைல்ல? அப்ப தெரியலைல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அத்தான்தான் தலையை ஆட்டினார். தன் எஞ்சின் ஒருநாளும் தாவியதில்லை என்றார். விசாரணையில் ஓர் ஆள் கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்றும் சொன்னார். அது சாக்கு என்று அப்போதே எனக்குப் பட்டது.

பிறகு அவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டு டிகோடர் தேடினார். ஒலி எழுப்புவது, விளக்கு மினுக்குவது எல்லாம் வேண்டாம். மோட்டார் எவ்வளவு சுற்றுகிறது என்று கணத்துக்குக் கணம் பார்த்து அதற்கேற்ப மின்சாரம் கொடுக்கிற சில்லு வேண்டும். அப்போதுதான் எஞ்சின் எறும்பு மாதிரி ஊரும். அப்படிப்பட்டதில் விலை குறைந்தது எது என்று கண்டுபிடிக்க எட்டு நாள் ஆயிற்று. தன் கைக்கடிகாரத்தை விற்று ஒன்று வாங்கினார், மூன்றாம் எண் எஞ்சினுக்கு மட்டும். நான்காம் எண்ணைத் தாவல் முடிந்த பிறகு சீராக ஓடும் இடத்திலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அதை நானே பற்றவைத்தேன். எஞ்சின் நிஜ எஞ்சினைப் போலவே கிளம்பியது. நொடிக்கு ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. பக்கத்து எஞ்சின் எதிரே ஊர்ந்து போனது. நூல் அதன் முதுகில் பட்டு வளைந்தது. பிறகு அதன் வால் தாண்டியது. நூல் மெல்லத் துள்ளி நேராக நின்றது. ஊசியைத் தொட எஞ்சினுக்கு இன்னும் தூரம் இருந்தது. நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். நாலு நொடி.

திரும்ப ஓட்டினார். நாலு நொடி. பதினோரு தடவை ஓட்டினார்.

"நாலு நொடி அவன் என் கண்ணு முன்னால இருந்திருக்கான் மச்சான்" என்றார். "நான் எங்க பார்த்துக்கிட்டிருந்தேன்னே ஞாபகம் வரல."

மறுநாளே நான் அவரிடம் சண்டை போட்டேன். ஒரு பொம்மையை நம்பி யாராவது தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வார்களா என்று கேட்டேன். தாவுகிற டிகோடரோடு போங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். அவர் எஞ்சினின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை அப்போது அறையலாம் போல இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் அத்தான் எஞ்சினை என் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கம்பி இளகியிருக்கிற மாதிரி தெரிகிறது, பார்த்து வை, சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவர் தலை மறைந்ததும் அக்கா வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு மேஜை மேலிருந்த எஞ்சினைப் பார்த்தாள். "செத்தவன் திரும்பி வரமாட்டான்டா. நாங்க இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பழியை அவள் மேல் தள்ளப் போவதில்லை. டிகோடரை மாற்றியது நான். நல்லதை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, முன்பு கழற்றி வைத்திருந்த தாவுகிறதைப் பற்றவைத்து மூடினேன்; அதன் எண்ணும் மூன்றுதான். இருபது நிமிட வேலை. இம்முறை நாடாவை ஓரம் விடாமல் ஒட்டினேன்.

விசாரணை அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். சுவரோரம் நெட்டையின் மனைவி. பலகையைத் தூக்கிவர ஆள் வேண்டும் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். அத்தான் நூலைக் காட்டினார், ஊசியைக் காட்டினார். 'இங்கேதான் அவன் நின்றான்' என்றபோது நெட்டையின் மனைவி எழுந்து வந்து ஊசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

அத்தான் வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் நின்றது, நின்றது, தாவியது. நூல் வளைந்தபடியே ஊசிவரை போயிற்று. நடு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அத்தான் எஞ்சினை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து மறுபடி ஓட்டினார். தாவியது. மூன்றாவது தடவையும் தாவியது. அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான்.

போதும், புரிகிறது என்றார் நடு அதிகாரி. அந்த இடத்தில் அத்தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் ஆலையில் இருப்பார். அவர் கட்டுப்பாட்டுக் கருவியின் கம்பியைப் பிடுங்கினார். வலது கைச் சுட்டுவிரலைத் தன் எஞ்சின் மேல் வைத்தார், இடது கைச் சுட்டுவிரலை மற்றதன் மேல்.

"இது சரியா ஓடல சார். கையால தள்ளுறேன். எண்ணிக்குங்க."

தள்ளினார். இருபத்தாறு வருடம் அந்த வேகத்தில் ஓட்டிய கை. எந்த டிகோடரும் அப்படி ஓட்டாது. நூல் வளைந்தது, பிறகு நேரானது. அவரே சத்தமாக எண்ணினார். நாலு என்றபோது எஞ்சின் ஊசியைத் தொட்டது.

"தெரிஞ்சிருக்கு சார். நான்தான் பார்க்கல."

நெட்டையின் மனைவி எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். அதற்கப்புறம் அவள் அக்கா வீட்டுப் படி ஏறியதில்லை. ஈட்டுத்தொகை அவளுக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டோம். அத்தானை மூன்றாம் வாரம் வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது ஒரு கடை வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். இருந்த வீட்டை விட்டு இரண்டு அறை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே பலகை கட்டிலுக்கு அடியில்.

விசாரணை முடிந்த நான்காம் நாள் அவர் என் கடைக்கு வந்தார். என்னென்ன கேட்பார், என்னென்ன பதில் சொல்லலாம் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் எஞ்சினை மேஜை மேல் வைத்தார்.

"அந்த இன்னொன்னைத் திரும்ப வச்சுக் குடு மச்சான்" என்றார்.

வைத்துக் கொடுத்தேன். கூலி எவ்வளவு என்று கேட்டார். கேட்டுவிட்டு, காசை வைத்துவிட்டும் போனார். அக்கா வீட்டில் இருபது வருடம் கை நனைத்தவன் நான். அந்தக் காசு இன்னும் இழுப்பறையில், அந்த டிகோடர் கிடந்த மூலையில் கிடக்கிறது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அத்தான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டுப் பலகையை இழுத்துத் தரையில் வைத்தார். தினமும் இதேதான் என்றாள் அக்கா. மூன்றாம் எண் கிளம்பியது. நான்காம் எண் விலகியது. நூல் நேரானதும் அவர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் ஊசிக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது.

"நின்னுடுச்சுல்ல, எந்திரிச்சு வாங்க, சாப்பிடலாம்" என்றாள் அக்கா.

"தினமும் நிக்குது" என்றார் அத்தான். "நிறுத்துறதுக்கு நாலு நொடி தாராளம்."

எஞ்சினை எடுத்துச் சுவரோரம் பழைய இடத்தில் வைத்து, மறுபடி மூன்றை அழுத்தினார்.