பந்தைத் தட்டவிடாத அக்கா

எங்கள் அக்காவின் நற்குணங்களை இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மாமா கேட்டுக்கொண்டார். அக்காவின் முதற்குணம் பிடிவாதம். அதை மறைத்து எழுதினால் அவரே எழும்பி வந்து என்னோடு சண்டை பிடிப்பார்.

மானிப்பாயில் தலைப்பிள்ளையாகப் பிறந்த அக்கா, பள்ளிக்கூட வலைப்பந்துக் குழுவின் தலைவியாக இருந்தவர். அப்பாவை ஷெல் வீச்சில் இழந்தபின், அம்மாவையும் தங்கையான என்னையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ வந்து, பார்க்டேலில் ஓர் அறை வீட்டில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். பகலில் கல்லூரி, மாலையில் அம்மாவோடு அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. இதற்கிடையில், கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றுவிட்டார்.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் ஓடக்கூடாது; நின்ற இடத்தில் நின்றுதான் எறியவேண்டும். கூடைப்பந்திலோ பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓடுவார்கள். அக்காவின் கைக்குப் பந்து வந்ததும் பழக்கதோஷத்தில் கம்பம் மாதிரி நின்றுவிட்டார். "ஓடு, ஓடு" என்று எல்லோரும் கத்திச் சிரித்தார்களாம். அக்கா அசையவில்லை. யார் தனியே நிற்கிறார் என்று பார்த்து, அவர் கைக்கே பந்தை அனுப்பினார். அன்று சிரிக்காதவர் பயிற்றுநர் அம்மையார் ஒருவர்தான். குழுவில் இடம் கிடைத்தது.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கலியாணம் கட்டுற வயசிலை காற்சட்டையோடை பந்தெறிஞ்சு திரியிறாள். சனம் என்ன கதைக்கும்?"

"கிண்ணம் வரட்டும் அம்மா, பிறகு மாப்பிள்ளை பாருங்கோ," என்பார் அக்கா.

கிண்ணம் லேசில் வரவில்லை. தோற்பதற்கென்றே பிறந்த குழு அது. படிப்பை முடித்த அக்கா அங்கேயே துணைப் பயிற்றுநராகச் சேர்ந்த காலத்தில் பழைய பயிற்றுநர் விலகினார். இனி இந்தக் குழு வேண்டாம், மூடப்போகிறோம் என்றார் விளையாட்டுத்துறைப் பொறுப்பாளர். அக்கா நேரே அவருடைய அறைக்குப் போய், இன்னும் ஒரு பருவம் தாருங்கள், கிண்ணம் வெல்லாவிட்டால் நானே மூடிவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தபிறகுதான் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ரை வாய் சும்மா கிடக்குதே தங்கச்சி! இனி வெண்டுதான் ஆகவேணும்."

பயிற்சியின்போது பந்து தரையில் படவே கூடாது என்று சட்டம் போட்டார். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஜமெய்க்கா, போர்த்துக்கல், பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டுப் பிள்ளைகள். பயிற்சி பார்க்கப் போகும் நான் கூப்பிடுவதைக் கேட்டு அவர்களும் அவரை 'அக்கா' என்றே அழைத்தார்கள். நில்லு, பார், எறி என்ற தமிழ்ச் சொற்கள் எல்லோருக்கும் தண்ணீர்பட்ட பாடாகின. எதிரணிக்கு ஒன்றும் விளங்காது.

இறுதிப் போட்டிக்கு அம்மாவும் வந்தார். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்தை வைத்திருந்த எங்கள் பிள்ளை, நெட்டையான இருவருக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். "நில்லு!" என்று அக்கா கத்தினார். அதைவிடப் பெரிய சத்தத்தில், "எறியடி பிள்ளை, எறி!" என்று கத்தியது அம்மா! பந்து கைமாறிக் கூடைக்குள் விழுந்தது. ஐயோ, நாங்கள் குதித்த குதி! அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கிண்ணம் எங்களுக்கே. மூடுகிற பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை.

அம்மா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வேளையில் புற்றுநோய் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அக்கா அடுத்த பருவத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்தார். கண்மூடும்வரை தன் பேச்சில் தோல்வி என்ற கதைக்கே இடம் கொடுக்கவில்லை.

அவரைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்கள், மார்க்கம், அஜக்ஸ் நகரங்களிலிருந்து பனியென்றும் பாராமல் வந்த உறவினர், கிரியைகளை நடத்திய குருக்கள் ஐயா அனைவருக்கும் எங்கள் நன்றி. இன்னுமொரு நன்றி மிச்சமிருக்கிறது.

இறுதிக்கிரியை அன்று, பேழையைத் தூக்க எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. மாமா வாசலில் நின்று ஆள் தேடினார். அதற்குள் குழுப் பிள்ளைகள் எழுந்து வந்து பேழையின் இரு பக்கமும் நின்றுவிட்டார்கள்.

"பொம்பிளையள் தூக்கிறது எங்கடை முறையில்லை," என்றார் உறவினர் ஒருவர்.

அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "மூட விடாமல் அவள் வளர்த்த பிள்ளையள் இவையள். வேறை ஆர் தூக்கிறது? தூக்குங்கோ பிள்ளையள்."

அம்மா சொன்னது அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் அக்காவை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.