கீழ்க் கிணற்றுத் தண்ணீர்

சத்தியமாக நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு அது பட்டப்பகலில் வந்தது. 1997 ஆகஸ்ட் 13, புதன்கிழமை. மதியம் 12:10. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ஐயம்பெருமாள். முக்கூடல் போகிற வழியில் ஒரு பழைய குப்பைக்கிடங்கு. அதற்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் மண் போட்டு மூடினார்கள். மூடினால் முடிந்துவிடுமா? உள்ளே குப்பை அழுகிக்கொண்டேதான் இருக்கும். மண் வெடித்த இடத்தை அடைப்பது, வாயு போகிற குழாய்கள் அடைபடாமல் பார்ப்பது என் வேலை. குப்பை மேட்டுக்கு மேல்புறம் ஒரு கிணறு, கீழ்ப்புறம் ஒரு கிணறு. வாராவாரம் இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். குப்பைச் சாறு மண்ணுக்குள் இறங்கினால் கீழ்க் கிணற்றில்தான் முதலில் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று மாதமாக இரண்டு பாட்டிலையும் மேல் கிணற்றிலேயே நிரப்பினேன். உச்சி வெயிலில் கீழே இறங்கி ஏறச் சோம்பல். கீழ்க் கிணற்று மூடியின் பூட்டும் துருவேறி இறுகிப்போயிருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கீழ்க் கிணற்றுக்கும் கீழே நூறடி தள்ளி ஜமீலா பீவி வீடு. புருஷன் துபாயில். ஒரே மகள் அஸ்ஃபியா, ஒன்பது வயது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

"அண்ணாச்சி, தண்ணி குடிக்கலாமா? பயமில்லையே?" என்று ஜமீலா கேட்பார்.

"தாராளமா குடிங்கம்மா. ரிப்போர்ட்டு நல்லாத்தான் வருது."

வாய் கூசாமல் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை மேட்டில் ஒரு காக்காய்கூட இல்லை. குழாய்ப் பக்கம் போனால் குடலைப் பிடுங்கும் நாற்றம். அன்றைக்கு அதுவும் இல்லை. மேல் கிணற்றில் முதல் பாட்டிலை நிரப்பினேன். இரண்டாவதை எடுக்கக் குனிந்தேன்...

"மாமா."

அஸ்ஃபியா. நாலடி தள்ளி நின்றாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

"என்னம்மா, பள்ளிக்கூடம் போவலையா?"

ஒரு பாட்டிலை நீட்டினாள். அதன் கழுத்தில் பச்சைத் துணி கட்டியிருந்தது.

"இத அனுப்புங்க மாமா. இதுதான் கீழத் தண்ணி."

என் திருட்டுத்தனம் ஒருத்தருக்கும் தெரியாதே...

வாங்கினேன். பாட்டில் சில்லென்று இருந்தது. நிமிர்ந்தேன்.

அவள் இல்லை.

மண்ணில் ஈரக் காலடிகள். சின்னக் காலடிகள். கீழே இறங்கின. பின்னாலேயே போனேன்.

சளப்... சளப்...

முன்னால் யாரோ நடக்கிற சத்தம். ஆள் இல்லை.

கீழ்க் கிணற்று மூடியருகே காலடிகள் நின்றுபோயின. பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் இடுப்பில்.

மூடிக்குள்ளிருந்து...

டொக்.

டொக்.

ஓடினேன்.

பாட்டிலைத் தூக்கி எறியப் பயம். 'கீழ்க் கிணறு' என்று சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டி ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். பத்து நாள் காய்ச்சல். எழுந்தபோது ரிப்போர்ட் வந்திருந்தது. குப்பைச் சாறு கலந்திருக்கிறது, குடிக்கக் கூடாது.

அதைத் தூக்கிக்கொண்டு ஜமீலா வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அஸ்ஃபியா எங்கம்மா?"

"மவுத்தாயிட்டா அண்ணாச்சி. பதினொண்ணாந்தேதி, திங்கக்கிழம."

அவள் இறந்தது பதினொன்றாம் தேதி. நான் அவளைப் பார்த்தது பதின்மூன்றாம் தேதி.

"இனிமே அந்தக் கெணத்துத் தண்ணி வேண்டாம்மா..." ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"இனிமே யாருக்கு அண்ணாச்சி?"

ரிப்போர்ட்டை அவர் வாங்கவே இல்லை. பாட்டிலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"ஒரு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தா. அங்கன உள்ள தண்ணி எறங்கலன்னு அழுதா. நீங்க நல்ல தண்ணின்னு சொன்னீகளே, அந்தத் தைரியத்துல தெனமும் நம்ம கெணத்துத் தண்ணியத்தான் கொண்டுபோயிக் குடுத்தேன். பாட்டிலு மாறிரக் கூடாதுன்னு கழுத்துல பச்சத் துணி கட்டியிருந்தேன்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ மவுத்தான அன்னைக்கே அதைக் காணல அண்ணாச்சி. தேடாத எடமில்ல."

அந்தப் பாட்டில் சோதனை முடிந்து இப்போது எங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. என் கையெழுத்தோடு.