ஜூமாதில் ஏறாத வண்டி

மலையடிவாரத்துக் காராபால்டாவில் எங்கள் லாரி செட்டிலிருந்து ஒரு வண்டி வெளியே போக இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். டிரைவருக்கு நர்ஸ் நான், வண்டிக்கு மெக்கானிக் ஜூமாதில். நான் ஊதச் சொல்வேன், பிரஷர் பார்ப்பேன், குளிர்காலம் வந்தால் பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கால் விரல்களையும் பார்ப்பேன். ஒரு தடவை பனி கடித்த விரலை மறு தடவை சுலபமாகக் கடிக்கும். டிரைவர்கள் அதை மறைப்பார்கள், அதனால் நானே குனிந்து பார்ப்பேன். ஜூமாதிலும் வண்டிக்கு அடியில் குனிந்து அதைத்தான் செய்வான். பாட்டரி, குளிர்கால டீசல், சக்கரச் சங்கிலி, மண்வெட்டி எல்லாம் இருக்க வேண்டும். கடைசியில், கைப்பிரேக்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மரக்கட்டை.

கட்டை விஷயத்தில் அவனோடு வாதாட முடியாது. ஈரச் சாலையில் ஓடி வந்த வண்டியைக் கடுங்குளிரில் கைப்பிரேக் போட்டு நிறுத்தினால், சக்கரத்துக்குள் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். பிறகு எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் சக்கரம் சுற்றாது. கணவாய் ஏறும் டிரைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். களைப்பில் எல்லோரும் ஒருநாள் மறப்பார்கள்.

டிரைவர்களையும் அவன் சும்மா விடமாட்டான். நவம்பரில் ஒவ்வொருவரும் எஞ்சினை அணைத்த வண்டிக்குள் காலையிலிருந்து மதியம் வரை உட்கார வேண்டும். எந்தக் கம்பளி போதவில்லை, எந்த பூட்ஸ் நனைகிறது என்பதெல்லாம் மலைமேல் போய்த் தெரியக் கூடாது, இங்கேயே தெரிய வேண்டும். ஜூமாதில் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்பான்.

"கால் மரத்துப்போச்சா?"

"கால் நல்லாத்தான் இருக்கு, மூளைதான் மரத்துப்போச்சு," என்பான் தாஷ்தெமிர். எங்கள் டிரைவர்களில் அவனுக்குத்தான் வாய் நீளம். "நீயும் உள்ள வாயேன் அண்ணே. எங்களுக்குச் சொல்லித்தர்ற, உனக்கு யாரு சொல்லித்தருவா?"

ஜூமாதில் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

அவனும் டிரைவராக இருந்தவன்தான். ஒரு குளிர்காலத்தில் சூசாமிர் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டான். முன்னால் ஒரு கணவாய், பின்னால் ஒரு கணவாய், இரண்டும் மூடிவிட்டன. அசதியில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கினான். பனி தள்ளும் வண்டி வந்து வழி திறந்ததும் மற்றவர்கள் போனார்கள், அவன் வண்டி அசையவில்லை. சரிவிலிருந்து இறங்கிய பனி கூரைவரை மூடியது. இரண்டு ராத்திரி கழித்துத் தோண்டி எடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு மூடிய கதவுக்குப் பின்னால் அவன் உட்கார்ந்ததில்லை. வேலைக்கு நடந்துதான் வருவான். ஜனவரியிலும் வீட்டுக் கதவு ஒரு கை அளவு திறந்திருக்கும். "நான் வீட்டுக்கு அடுப்பு எரிக்கிறேனா, தெருவுக்கு எரிக்கிறேனா?" என்று அவன் மனைவி கேட்காத நாளில்லை.

அவனுடைய ஆட்கள் எல்லோரும் தொக்தோகுலில், கணவாய்க்கு அந்தப் பக்கம். வண்டியில் ஏறாதவனுக்குக் கணவாய் ஏது? கோடையில் அண்ணன் அசன்காதிர்தான் இவனைப் பார்க்க வருவார்.

போன ஜனவரியில் அந்த அண்ணன் இறந்துபோனார். மறுநாள் மதியத்துக்குப் பிறகு அடக்கம் என்று செய்தி வந்தது. எங்களில் கூடப்பிறந்தவன் சும்மா நடந்து போய்ச் சாவு வீட்டில் உட்கார முடியாது. தூரத்திலேயே இறங்கி, "ஐயோ என் கூடப்பிறப்பே" என்று வாய்விட்டு அலறிக்கொண்டே வர வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அந்தக் குரலுக்குக் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். அந்தக் குரல் வராவிட்டால் அதைப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

விடிந்ததும் ஜூமாதில் என் அறைக்கு வந்து, வாசல்படியிலேயே நின்றான்.

"அக்கா, தூங்க வைக்கிற ஊசி ஒண்ணு போடுங்க. மாவு மூட்டையோட மூட்டையா என்னைத் தூக்கிப் போடட்டும்."

"போட மாட்டேன். தூங்குறவனுக்குக் குளிர் தெரியாது. அந்தப் பக்கம் ரெண்டு சாவா விழும்."

"அப்ப நான் எப்படிப் போறது?"

"முழிச்சுக்கிட்டுப் போ. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ. நானும் வரேன்."

"நீங்க எதுக்கு?"

"நாடி பிடிக்க. போய்த் தொப்பி எடுத்துட்டு வா."

தாஷ்தெமிர் அன்று தொக்தோகுலுக்கு மாவு ஏற்றிப் போனான். நடுவில் நான், ஜன்னலோரம் ஜூமாதில். கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. கயிறு கட்டி அதைக் கையில் பிடித்துக்கொண்டான். கழுத்தில் வியர்வை ஓடியது. நாடி ஓடிய ஓட்டத்தை நான் வெளியே சொல்லவில்லை.

"ஹீட்டர் எனக்கு, காத்து உனக்கு," என்றான் தாஷ்தெமிர். "நடுவுல அக்கா ஒரு பக்கம் வேகுறாங்க, ஒரு பக்கம் உறையுறாங்க. பேசேன் அண்ணே, எதையாவது பேசு."

"ரோட்டப் பாரு," என்றான் ஜூமாதில்.

பள்ளத்தாக்கு குறுகி, பாறை இரண்டு பக்கமும் நெருங்கிய இடத்தில் தடுப்புக் கம்பம். மேலே பனிச்சரிவு பயம், வழி மூடியிருக்கிறது என்றார்கள். வரிசையில் நின்றோம். அந்த வண்டிக்குள் அவன் உட்கார்ந்த நேரம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை, ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கயிறு அவன் உள்ளங்கையை அறுத்திருந்தது.

கம்பம் தூக்கினார்கள். முன் வண்டிகள் நகர்ந்தன. தாஷ்தெமிர் கியர் போட்டான். எஞ்சின் உறுமியது, வண்டி ஆடியது, நகரவில்லை.

ஜூமாதில் திரும்பி அவனைப் பார்த்தான்.

"கைப்பிரேக் போட்டியா?"

தாஷ்தெமிருக்கு முகம் செத்துவிட்டது. "உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணே... கை தானாப் போயிருச்சு."

கயிற்றை விட்டுவிட்டு ஜூமாதில் குதித்தான். சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். டிரம் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "முன்னால கொஞ்சம்! நிறுத்து! பின்னால! மாட்டு மூளை, மெதுவா!" கத்தியது நான் செட்டில் தினமும் கேட்கிற குரல். கடைசிச் சக்கரம் ஒரு வெடிப்புச் சத்தத்தோடு விட்டது. வண்டி நகர்ந்தது.

அவன் வெளியே வந்தான். மீசையெல்லாம் பனி. நான் பிடித்துப் பார்த்தேன், நாடி சரியாக இருந்தது.

"ஏறு அண்ணே, திரும்ப மூடிருவான்!" என்றான் தாஷ்தெமிர்.

ஜூமாதில் படியில் ஒரு கால் வைத்தான். கைப்பிடியைப் பற்றினான். உள்ளே பார்த்தான். அப்படியே நின்றான். பின்னால் ஹாரன் நிற்கவில்லை. பிறகு காலை எடுத்துக் கீழே வைத்தான்.

"நீ போ."

"அண்ணே!"

"போடா. மேல மலையைக் குடைஞ்ச சுரங்கப்பாதை தாண்டினதும் டிரம்மைத் தொட்டுப் பாரு. சூடா இருந்தா நிறுத்து."

நானும் என் பையோடு இறங்கினேன். வண்டிகள் ஒவ்வொன்றாக மேலே போயின, கம்பம் விழுந்தது. ஜூமாதில் சாலை நடுவில் சுத்தியலோடு நின்றான். பிறகு கணவாயைப் பார்த்து வாய்விட்டு அலற ஆரம்பித்தான். "ஐயோ என் கூடப்பிறப்பே!" பாறை அதைத் திருப்பி எங்கள் பக்கமே அனுப்பியது. கம்பத்துக்காரர் தொப்பியைக் கழற்றினார். குரல் கம்மும்வரை விட்டுவிட்டு, அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், உள்ளங்கைக்குக் கட்டுப் போட்டேன்.

மணல் கொட்டும் வண்டி ஒன்று கீழே இறங்கியது. திறந்த பின்பக்கத்தில் மணல்மேல் உட்கார்ந்து வந்தோம்.

"இதுல உட்கார முடியுதே. இதே மாதிரி திறந்த வண்டியில அந்தப் பக்கம் போயிரலாமே?" என்றேன்.

"அந்தச் சுரங்கப்பாதைக்கே மூடி இருக்கே அக்கா," என்றான்.

தாஷ்தெமிர் திரும்பி வந்தது வாரக் கடைசியில். அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் துணித்துண்டும் பங்கு இறைச்சியும் அவன் கையில் இருந்தன. செட்டில் வைத்து ஜூமாதிலிடம் நீட்டினான்.

"உன் பங்கு. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, தெருமுனையிலேர்ந்து நானே அழுதுக்கிட்டுப் போனேன். உனக்குப் பதிலாத்தான்."

"நீயா? ஆள் மாத்தி வந்தது தெரியலையா அவங்களுக்கு?"

"கிட்டப் போற வரைக்கும் தெரியல. உன் அண்ணி, 'ஜூமாதில் வந்துட்டான்'னு சொல்லி வெளியவே ஓடிவந்துட்டாங்க. உன் குரல் அங்க யாருக்கு அண்ணே ஞாபகம் இருக்கு?"

ஜூமாதில் துணியை மடித்தான், இன்னொரு மடிப்பு மடித்தான், உள்சட்டைப் பைக்குள் வைத்தான். இறைச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்தான்.

"கட்டை எங்க?" என்று கேட்டான்.